மணக்குது, புகையுது, புழுக்குது: வன்னியில் குப்பைப் பிழைகளைத் தேடித் திருத்தும் வழி

கரைச்சியோ கரைதுறைப்பற்றோ துணுக்காயோ, ஒரு பிரதேச சபையில் குப்பைக்குப் பொறுப்பாக இருப்பவருக்கு வரும் முறைப்பாடுகள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மணக்குது, இலையான் மொய்க்குது, கிணத்துத் தண்ணி நிறம் மாறிப்போச்சு, மாடு செத்துப்போச்சு, ராத்திரி முழுக்கப் புகை. உடனே ஆள் அனுப்புவார்கள், மருந்தடிப்பார்கள், மேலால் கொஞ்சம் மண் போடுவார்கள். இரண்டு கிழமையில் அதே முறைப்பாடு திரும்பவும் வரும். பிழை நடந்தது ஓரிடம், அது வெளியே தெரிவது இன்னோரிடம் என்பதால்தான் இப்படி.

எங்கள் பக்கத்துக் குப்பையில் நிறைப்படி பாதிக்கு மேல் உக்கக்கூடியது: மரக்கறிக் கழிவு, மீன் செதில், மிஞ்சிய சோறு, வாழையிலை. இந்த ஈரப் பாதி, காய்ந்த பாதியோடு ஒரே பெட்டிக்குள் விழுந்தவுடன் இரண்டுமே கெட்டுவிடுகின்றன. ஈரத்திலிருந்து நல்ல பசளை வராது, காய்ந்ததை எந்த வியாபாரியும் வாங்கமாட்டார். கீழே சொல்லியிருக்கும் அறிகுறிகளில் எதை எடுத்துக்கொண்டு போனாலும் பெரும்பாலும் இந்தக் கலப்பில்தான் போய் முட்டுவீர்கள். உங்கள் இடத்தில் எது தெரிகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

பசளைக் கும்பி மணக்குது

என்ன மணம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மருந்து அடிப்பதெல்லாம் பிறகு.

அழுகிய முட்டை மணம் என்றால் உள்ளே காற்று இல்லை. காற்றில்லாமல் உக்கும்போது ஐதரசன் சல்பைட்டு வரும், அதன் மணம்தான் இது. கையுறை போட்டுக்கொண்டு கும்பியின் நடுவில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி மட்டும் வந்தால் ஈரம் சரி, 50–60 வீதத்துக்குள் இருக்கிறது. மணிக்கட்டு வழியே வடிந்தால் தண்ணீர் கூடிப்போயிற்று. கையை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. கருவி எதுவும் வேண்டாம், ஒவ்வொரு கும்பிக்கும் கிழமைக்கு ஒருமுறை இதைச் செய்யும் பழக்கம் இருந்தால் பாதி முறைப்பாடு வராமலே போகும்.

ஈரம் கூடியிருந்தால் கும்பியைப் பிரித்து, காய்ந்ததைக் கலந்து திரும்பக் கட்டுங்கள். கண்ணளவில் ஒரு கடகம் மரக்கறிக் கழிவுக்கு இரண்டு கடகம் சருகோ வெட்டிய வைக்கோலோ போடலாம். அரிசி ஆலையில் உமி சுலபமாகக் கிடைக்கும் என்பதற்காக அதை மட்டுமே போடுகிறார்கள். உமியில் சிலிக்கா அதிகம், உக்கப் பிந்தும். கும்பிக்குள் காற்று போக வழிவிடும், அதற்கு நல்லது. நுண்ணுயிருக்குத் தீனி வேண்டுமென்றால் வைக்கோல்தான் வேண்டும். மாசி, பங்குனியில் காலபோக அறுவடை முடிந்ததும் வயலிலேயே கொளுத்தப்படும் வைக்கோலைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அந்த நேரம் இரண்டு மூன்று உழவு இயந்திரப் பெட்டி ஏற்றி வந்து, நனையாமல் ஒரு கொட்டிலில் அடுக்கிவைத்தால் பசளை நிலையத்துக்குப் பல மாதத் தேவை தீரும். கமக்காரர் அமைப்பிடம் முற்கூட்டியே கேட்டுவையுங்கள்.

கண்ணையும் மூக்கையும் எரிக்கும் மணம் வேறு. அது அமோனியா. மீன் சந்தைக் கழிவோ கோழி எச்சமோ அளவுக்கு மிஞ்சிப் போயிருக்கிறது. கும்பியில் ஒரு பங்கு நைதரசனுக்குக் காபன் 25 முதல் 30 பங்கு வரை இருக்க வேண்டும், மீன் கழிவில் அது மிகக் குறைவு. மருந்து ஒன்றுதான்: இன்னும் காய்ந்த பொருள். முல்லைத்தீவுக் கரையோரம் மீன் கழிவு நாளாந்தம் வரும் இடங்களில் அதைக் கும்பியின் மேலே கொட்டவே கூடாது. நடுவில் குழி எடுத்து, அடியில் வைக்கோல் போட்டு, கழிவை இட்டு, மேலே குறைந்தது 30 சென்ரிமீற்றர் தடிப்புக்குப் பாதி உக்கிய பசளையால் மூடுங்கள். பழைய பசளை மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நாயும் கிளறாது.

கும்பி சூடேறவே இல்லை

ஒரு இரும்புக் கம்பியை நடுவரை குத்தி, பத்து நிமிடம் விட்டு இழுத்துப் பிடித்துப் பாருங்கள். பிடிக்க முடியாத சூடு என்றால் நல்ல கும்பி. வெப்பமானி இருந்தால் 55 முதல் 65 பாகை வரை காட்ட வேண்டும். 70ஐத் தாண்டினால் வேலைசெய்யும் நுண்ணுயிரும் செத்துவிடும், உடனே புரட்டுங்கள்.

சூடில்லாவிட்டால் மூன்று காரணங்களைப் பாருங்கள். கும்பி சிறிது: ஒரு மீற்றருக்குக் குறைந்த உயரம் சூட்டைப் பிடிக்காது, 1.2 முதல் 1.5 மீற்றர் வரை கட்டுங்கள். காய்ந்தது: சோளகக் காற்று வீசும் மே முதல் செப்ரெம்பர் வரை வன்னியில் இதுதான் வழமையான காரணம், புரட்டும்போது தண்ணீர் தெளியுங்கள், கும்பியைக் கிடுகாலோ சாக்காலோ மூடுங்கள். மூன்றாவது, உக்கக்கூடியது என்று வந்ததில் பாதி பொலித்தீன் உறைக்குள் கட்டியபடியே கிடக்கும். உறையை அவிழ்த்துக் கொட்டாவிட்டால் உள்ளே இருப்பது மாதக்கணக்கில் அப்படியே புளித்துக்கொண்டிருக்கும்.

இலையானும் புழுவும்

எங்கள் வெக்கையில் இலையான் முட்டை பறக்கும் இலையானாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே சந்தையிலோ சாப்பாட்டுக் கடையிலோ குப்பை ஒரு கிழமை கிடந்தால் நீங்கள் ஏற்றி வருவது குப்பையோடு சேர்த்து அடுத்த தலைமுறை இலையானையும்தான். பசளை நிலையத்தில் மருந்தடிப்பது அந்த இடத்தில் பயன் தராது. ஈரக் கழிவைக் கிழமைக்கு இரண்டு தரமாவது எடுக்க வேண்டும், சந்தையில் ஒவ்வொரு நாளும்.

கும்பியில் புழு தெரிந்தால் அது பெரும்பாலும் ஓரத்திலும் அடியிலும் இருக்கும், நடுச் சூட்டில் அது உயிர்வாழாது. புரட்டும்போது வெளியில் இருந்ததை உள்ளுக்கும் உள்ளிருந்ததை வெளிக்கும் மாற்றுங்கள். சும்மா கிளறிவிட்டால் புழு இடம் மாறும், அவ்வளவுதான்.

நுளம்பு வேறு கதை. சிரட்டை, ரயர், யோகட் கோப்பை, ரின், இவற்றில் மாரித் தண்ணீர் நின்றால் டெங்கு. இவை காய்ந்த கழிவுப் பகுதியில் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் சபையின் வளவுக்கும் பொருந்தும்.

கறுப்புத் தண்ணி ஓடுது

ஐப்பசி முதல் தை வரை இந்த முறைப்பாடு வரும். மழைத் தண்ணீர் குப்பைக்குள்ளால் இறங்கி வந்தால் அது கறுத்த, நாறும் நீராக வெளியேறும். அதை வடிகால் வெட்டி வெளியே விடுவதுதான் பலரும் செய்யும் முதல் வேலை. வன்னியில் ஒரு குளத்தின் மேலதிக நீர் அடுத்த குளத்துக்கு ஓடுகிறது, இடையில் வயலும் கிணறும் இருக்கின்றன. வடிகால் வெட்டினால் உங்கள் வளவுப் பிரச்சினையை அடுத்த ஊருக்கு அனுப்புகிறீர்கள்.

மேலிருந்து வரும் தண்ணீரைத் தடுப்பதுதான் முதல் வேலை. பசளைக் கும்பிக்குக் கூரை போடுங்கள், தகரம் இல்லாவிட்டால் கிடுகாவது. நிலையத்தைச் சுற்றி மேட்டுப் பக்கத்தில் வாய்க்கால் வெட்டி, நல்ல மழைத்தண்ணீர் உள்ளே நுழையாமல் திருப்பிவிடுங்கள். கும்பிகளின் தரையைச் சீமெந்து போட்டுச் சரிவாக எடுத்து, வடியும் நீரை ஒரு தொட்டியில் சேருங்கள். அந்த நீரைப் புதிதாகக் கட்டும் கும்பிக்குத் திரும்பத் தெளிக்கலாம். முடிந்த நிலையில் இருக்கும் பசளைக்குத் தெளிக்கக் கூடாது, கிருமி திரும்ப ஏறிவிடும்.

கிணற்றுக்காரர் வந்து நின்றால் தட்டிக் கழிக்க வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊடாக நீர் மாதிரி அனுப்புங்கள், கிருமிப் பரிசோதனையோடு, கைக்குழந்தைக்கு ஆபத்தான நைத்திரேற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்றுவதால் இன்னும் செறிவாகும். போத்தலில் பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு, முடிவு வரும்வரை வேறு தண்ணீர் ஏற்பாடு செய்வது சபையின் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

இரவில் புகையுது

ஆகவும் கவனம் வேண்டிய இடம் இது.

தீ மேலோட்டமா ஆழமா என்று பாருங்கள். சுவாலை தெரிந்தால் பெரும்பாலும் மேலோட்டம். சுவாலை இல்லாமல் நாள்கணக்கில் வெள்ளைப் புகை கசிந்துகொண்டிருந்தால் உள்ளே தணல் இருக்கிறது. அடியில் ஈரக் கழிவு காற்றில்லாமல் உக்கி மெதேன் என்ற எரியும் வாயு வருகிறது, மேலே காய்ந்த பிளாஸ்டிக்கும் காகிதமும் கிடக்கிறது, இடையில் யாரோ போட்ட நெருப்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கலந்து கொட்டிய மேடுதான் இப்படி எரியும்.

பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து மேலே அடித்தால் நீராவி எழும்பும், அணைந்த மாதிரி இருக்கும், விடியப் பார்த்தால் திரும்பவும் புகையும். ஆழமான தணலை அணைக்க, காற்று வரும் பக்கம் நின்று, இயந்திரத்தால் ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக வெட்டி எடுத்து, வெறுந்தரையில் பரப்பி, அங்கே நனைத்து, ஆறிய பிறகே மண்ணால் மூட வேண்டும். மேட்டின் மேல் ஆள் ஏறக் கூடாது. உள்ளே எரிந்து கோறையாகி இருந்தால் கால் புதைந்துவிடும்.

அடுத்தது வன்னிக்கே உரியது. மூடுவதற்கு மண் வேண்டுமென்று பக்கத்துக் காட்டோரத்தில் இயந்திரத்தை விட்டுத் தோண்டாதீர்கள். கண்ணிவெடி அகற்றி, கையளிக்கப்பட்ட காணி என்று பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய இடத்து மண்ணை மட்டும் எடுங்கள். 2009இல் போர் முடிந்தது, நிலத்துக்குள் இருப்பது எல்லாம் இன்னும் முடியவில்லை. அதே காரணத்துக்காகக் குப்பையைப் புதிய பற்றைக்காணியில் கொட்டிக் கொளுத்துவதும் உயிராபத்து.

தீ வராமல் பார்க்க, அன்றன்று கொட்டியதை அன்றன்றே 15 சென்ரிமீற்றர் மண்ணால் மூடுங்கள். முழு இடத்திலும் பரப்பிக் கொட்டாமல் ஒரு சிறு முகப்பில் மட்டும் கொட்டினால் மண் குறைவாகப் போகும். சுற்றிவரப் பற்றை வெட்டித் தீத்தடுப்பு ஒழுங்கை விடுங்கள். பக்கச் சரிவு மூன்றடி அகலத்துக்கு ஓரடி உயரத்தை மிஞ்ச வேண்டாம். 2017 ஏப்ரல் 14 அன்று கொழும்பு மீதொட்டமுல்லவில் குப்பை மேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் மேடுகள் அவ்வளவு உயரம் இல்லை, ஆனால் சரிவில் வெடிப்புத் தெரிந்தால் அங்கே கொட்டுவதை அன்றே நிறுத்துங்கள்.

வேண்டுமென்றே கொளுத்துவது பற்றியும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் உட்படக் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது 2017 செப்ரெம்பர் முதல் தடை. சபை ஊழியரே கொளுத்தும் இடங்களில் வீட்டுக்காரருக்குப் புத்தி சொல்ல சபைக்கு வாய் இல்லை. அந்தப் புகையில் டயொக்சின் என்ற நச்சு இருக்கிறது, அது பக்கத்துப் புல்லில் படிந்து மாட்டுப் பாலுக்கு வருகிறது.

மாடு, நாய், யானை

மாட்டின் வயிற்றில் பொலித்தீன் திரண்டு கிடப்பதைக் கால்நடை வைத்தியர்கள் அடிக்கடி காண்கிறார்கள். சோற்றின் உப்பு ஒட்டிய லஞ்ச் சீற்றைத்தான் மாடு தேடித் தின்னும். வெறும் பிளாஸ்டிக்கை அது பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது. ஈரக் கழிவு தனியாகப் போய்விட்டால் மேட்டில் மாட்டுக்கு வேலை இல்லை. வேலி அதற்குப் பிறகுதான்.

ஒட்டுசுட்டான், வவுனியா வடக்குப் பக்கம் யானையும் வரும். அம்பாறையில் பள்ளக்காடு குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று பல யானைகள் செத்தன. ஒருமுறை உணவு கிடைத்த இடத்துக்கு யானை திரும்ப வரும், வரும் வழியில் வயலும் வீடும் இருக்கும். காட்டோரத்தில் உணவுக் கழிவு கொட்டும் இடம் இருந்தால், வேலி அடிக்கக் காசு தேடுவதற்கு முன் இடத்தை மாற்றுங்கள்.

சனம் பிரித்துத் தருகுதில்லை

"தம்பி, நாங்கள் பிரிச்சுத்தான் தந்தனாங்கள். பெட்டிக்குள்ள எல்லாம் ஒண்டாத்தானே போகுது!" கிளிநொச்சிப் பக்கம் ஒரு அம்மா தன் படலையில் நின்று சொன்னது இது. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. உழவு இயந்திரப் பெட்டி ஒன்று, அதற்குள் இரண்டு வாளியும் கவிழ்க்கப்பட்டன. அதற்குப் பிறகு எத்தனை துண்டுப்பிரசுரம் கொடுத்தாலும் சனம் நம்பாது.

பெட்டியை நடுவில் பலகையால் மறியுங்கள். அல்லது திங்கள், வியாழன் உக்கும் கழிவு, மாதத்தில் இரண்டு சனி காய்ந்தது என்று நாளைப் பிரியுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பலகை இரண்டு மாதத்தில் உடையும், நாள் உடையாது. காய்ந்தது மணக்காது, உரப்பையில் போட்டு வீட்டில் இரண்டு கிழமை வைத்திருக்கலாம். அன்றைக்கு வேறு கழிவைக் கொடுத்தால் ஏற்றாமல், கோபப்படாமல், காரணம் சொல்லிவிட்டு வரவேண்டும். தொடக்கத்தில் முறைப்பாடு வரும், தவிசாளர் அப்போது ஊழியர் பக்கம் நிற்க வேண்டும். சபை முழுவதிலும் ஒரே நாளில் தொடங்காமல், சனசமூக நிலையமும் மாதர் சங்கமும் உற்சாகமாக இருக்கும் ஒரு கிராமத்தில் தொடங்குங்கள்.

வளவு அகலமான கிராமங்களில் ஈரக் கழிவை எடுக்கவே தேவையில்லை. அடிவளவில் ஒரு கொம்போஸ்ட் பீப்பாவோ கிடங்கோ போதும், வாழைக்கும் தென்னைக்கும் அது போய்ச் சேரும். சபையின் டீசலைச் சந்தைக்கும் நகரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

கமக்காரர் பசளை வாங்குகிறார் இல்லை

2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் திடீரென நிறுத்திய பிறகு, சேதனப் பசளை என்றாலே பலருக்கு மனம் கசந்துவிட்டது. அந்தக் கசப்புக்கு மேல் உங்கள் பசளைப் பையில் ஒரு கண்ணாடித் துண்டு இருந்தால் கதை முடிந்தது. வயலில் வெறுங்காலோடு இறங்குபவர் அவர்.

கண்ணாடியை அரிதட்டால் முழுதாக நீக்க முடியாது. 4 மில்லிமீற்றர் கண்ணில் அரித்த பசளையை உள்ளங்கையில் பரப்பி வெயிலில் பிடித்துப் பாருங்கள், பொடிக் கண்ணாடி மினுங்கும். மின்குமிழும் உடைந்த போத்தலும் பெட்டிக்குள் விழுந்த அன்றே அது நடந்துவிட்டது. ஆகவே கலந்து வந்த குப்பையிலிருந்து எடுத்ததைப் பசளை என்று விற்க வேண்டாம், மேட்டை மூடும் மண்ணாகப் பயன்படுத்துங்கள். சந்தை மரக்கறிக் கழிவிலிருந்து வந்ததைத் தனியாக அரித்து, கொம்போஸ்ட் பசளைக்கான இலங்கைத் தரத்துக்குப் பரிசோதித்து விற்பனைக்கு விடுங்கள்.

அடுத்த சந்தேகம் பார்த்தீனியம் என்ற களை. வீதியோரம் பிடுங்கிய பூத்த செடி கும்பிக்குள் போனால் விதை பசளையோடு தோட்டத்துக்குப் போகும். பூக்க முன் பிடுங்கியதை மட்டும் சேருங்கள், கும்பி முழுவதும் 55 பாகைக்கு மேல் மூன்று நாளாவது இருந்திருக்க வேண்டும், அதற்குப் பலமுறை புரட்ட வேண்டும். பிடுங்குபவருக்குக் கையுறை கட்டாயம், தோல் அழற்சி வரும்.

முற்றியதா என்று பார்க்க, ஒரு பிடி பசளையை நனைத்துப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது மழை பெய்த மண் மணந்தால் சரி, புளித்த மணம் வந்தால் இன்னும் உக்கவேண்டும். பிறகு இரண்டு சட்டியில் பயறு போட்டுக் காட்டுங்கள், ஒன்றில் பசளை கலந்த மண், ஒன்றில் வெறும் மண். கமநல சேவை நிலையத்துக் கூட்டத்தில் அந்தச் சட்டிகள் இரண்டையும் மேசையில் வைத்தால் பேச்சே தேவைப்படாது. காலபோக விதைப்புக்கு முன் பசளை கையில் இருக்க வேண்டுமென்றால் ஆனியிலேயே கும்பி கட்டத் தொடங்க வேண்டும்.

பிளாஸ்டிக் மூட்டை தேங்கிப்போச்சு

கொழும்பு 300 கிலோமீற்றருக்கு அப்பால். ஒரு சபையின் போத்தலை மட்டும் ஏற்றினால் லொறிக் கூலியே மிஞ்சாது. பக்கத்துச் சபைகளோடு சேர்ந்து, ஓரிடத்தில் அழுத்திக் கட்டி, ஒரு லொறி நிறைந்த பிறகு அனுப்புங்கள். தண்ணீர்ப் போத்தல், கெட்டிப் பிளாஸ்டிக், பொலித்தீன் மூன்றையும் தனித்தனியாகக் கட்டினால்தான் விலை. ஊத்தைப் பொலித்தீனை வாங்க ஆள் இல்லை, புத்தளத்தில் சீமெந்துச் சூளைக்கு எரிபொருளாகக் கழிவு எடுக்கிறார்கள், அதைக் கேட்டுப் பார்க்கலாம். கிருமிநாசினிப் போத்தல்கள் இவற்றோடு சேரக்கூடாது. வயலிலேயே மூன்று தரம் கழுவி, கழுவிய நீரைத் தெளிகருவிக்குள் விட்டு, போத்தலைத் துளையிட்டுத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஊழியர் வேலையை விட்டுப் போகினம்

பெட்டியின் உயரத்தைப் பாருங்கள். நனைந்த கழிவு நிறைந்த கடகத்தைத் தோளுக்கு மேல் தூக்கிக் கவிழ்க்கும்போது அந்தக் கறுத்த நீர் கழுத்தாலும் முதுகாலும் இறங்குகிறது. நாள் முழுக்க அப்படி. ஒரு படி வைத்தாலோ பின்கதவைத் தாழ்த்தினாலோ பாதித் துன்பம் குறையும். தடித்த றப்பர் கையுறையை எங்கள் வெயிலில் யாரும் போட்டு வேலை செய்யமாட்டார்கள். உள்ளே பருத்தித் துணி வைத்த கையுறையை ஆளுக்கு இரண்டு சோடி கொடுங்கள், ஒன்று காய ஒன்று போட. ஏற்பு (ரெற்றனஸ்) தடுப்பூசி எல்லோருக்கும் போடப்பட்டதா என்று பதிவேட்டில் பாருங்கள். நிலையத்தில் குளிக்கத் தண்ணீரும் உடை மாற்ற ஒரு அறையும் இல்லாவிட்டால் அடுத்த பாதீட்டில் அதுதான் முதலாவது.

பழைய இரும்பு பிரிப்பவர்களுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். துருப்பிடித்து என்னவென்று தெரியாத இரும்பு வெடிக்காத குண்டாக இருக்கலாம், அதைத் தட்டவோ தூக்கவோ எறியவோ வேண்டாம். எல்லோரையும் வந்த வழியாலேயே வெளியே எடுத்து, தூரத்தில் அடையாளம் வைத்து, பொலிசுக்கு 119இல் அறிவியுங்கள். அன்றைய வேலை நின்றாலும் சம்பளம் வெட்டப்படாது என்பதைச் சபை எழுத்தில் கொடுக்க வேண்டும், சம்பளம் போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் தாங்களே அதை எடுத்து ஓரமாக வைக்கிறார்கள்.